செத்த காலேஜில் பார்த்த வேப்பிலை

மியூசியத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப் போவதைப் பற்றிப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறீர்கள். யாரிடம் அனுமதி வாங்குவது, எத்தனை பிள்ளைக்கு ஓர் ஆசிரியர், சாப்பாட்டை எங்கே வைத்துக் கொடுப்பது என்பதெல்லாம் சுற்றறிக்கையில் இருக்கிறது. படித்துக்கொள்ளுங்கள். அதைச் சொல்ல ஓய்வுபெற்ற கிழவி ஒருத்தி மைக் முன்னால் வந்து நிற்க வேண்டியதில்லை. கண்ணாடிப் பெட்டி முன்னால் நிற்கும்போது சில சமயம் ஒரு கேள்வி வரும். சின்னதாக ஒரு பொய் சொன்னால் எல்லாருக்கும் நல்லது என்று தோன்றும். எனக்கு ஒருமுறை அப்படி ஆகிவிட்டது. அதைத்தான் சொல்லப் போகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தது அறுபதுகளின் கடைசியில். வீடு ஸ்ரீபெரும்புதூரில். சுங்குவார்சத்திரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஏரிக்கரை மேலேயே நடந்தால் எங்கள் நடுநிலைப் பள்ளி. இன்று உங்களிடம் படிக்கிற பிள்ளைகளின் அப்பா அம்மா ஷிஃப்டுக்குப் போகிறார்கள், ஓவர்டைம் பார்க்கிறார்கள். அன்று என்னிடம் படித்தவர்கள் வீட்டில் வேர்க்கடலை, கேழ்வரகு, ஏரியில் தண்ணீர் நின்றால் நெல். நிற்காத வருஷங்களில் செங்கல் சூளை. சூளைக்குப் போனால் குடும்பத்தோடு போவார்கள், பெஞ்சு காலியாகிவிடும். ஆசிரியைக்கு அதைவிட வயிற்றெரிச்சல் வேறு கிடையாது.

பள்ளியில் பாடம் நடத்த ஒரு கிழிந்த தேசப்படம் இருந்தது, தாங்கி உடைந்த உலக உருண்டை ஒன்று இருந்தது. உருண்டையைப் பையன்கள் உதைக்காமல் பார்த்துக்கொள்வதே பெரும்பாடு. அதனால் நான் ஊரிலிருந்தே எடுத்துக்கொண்டேன். தூக்கணாங்குருவிக் கூடு, பாம்புச் சட்டை, ஏரி நத்தை ஓடு, ஏர் ஓட்டும்போது மேலே வருகிற கறுப்பு சிவப்புப் பானை ஓடு என்று பிள்ளைகள் கொண்டுவருவதை எல்லாம் ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகையில் அடுக்கிவைத்தேன். அதற்கு அவர்கள் வைத்த பெயர் ‘டீச்சர் கடை’. வரலாறும் இயற்கையும் இந்தக் கடையில்தான் நடந்தது. கடையில் சரக்கு சேரச் சேர எனக்குத் தலைக்கனமும் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு வருஷம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. ஏழாம் வகுப்பில் ராணி என்று ஒரு பெண். கெட்டிக்காரி, இங்கிலீஷ் எழுத்துக்களை எங்கே பார்த்தாலும் கூட்டிப் படித்துவிட்டுத்தான் நகருவாள். அவளுடைய அப்பா கன்னியப்பன் தன் நிலத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்திருந்தார். முந்தின வருஷம் அந்தக் குடும்பம் சூளைக்குப் போய், ராணி பாதி வருஷம் பள்ளிக்கே வரவில்லை. மறுபடி அப்படி ஆகிவிடக் கூடாதே என்று நான் அவரை வழியில் மறித்துக் கேட்டேன்.

“கெணத்துல தண்ணி வந்துட்சின்னா நாங்க ஏன் டீச்சரம்மா சூளைக்குப் போறோம்?” என்றார். “வரலன்னா வேற வயி இல்ல. பொங்கலுக்கு அப்பறம் அல்லாரும் கெளம்பிடுவோம். இவளும்தான்.”

ஆக, அந்தக் கிணறு எனக்கும் வேண்டிய கிணறாகிவிட்டது.

எங்கள் பக்கத்து மண்ணை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ. மேலே செம்மண். கொஞ்சம் ஆழம் போனால் சில இடங்களில் வெள்ளையாக, களிமண் இறுகிய மாதிரி ஒரு கல் வரும். தட்டினால் ஏடு ஏடாகப் பிரியும். கன்னியப்பனின் கிணற்றில் அப்படி ஒரு பலகை பிரிந்தபோது உள்ளே ஓர் இலை இருந்தது. நடுவில் ஒரு காம்பு, இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்ன இலைகள். கல்லிலே வரைந்து வைத்தாற்போல் இருந்தது. கிணறு வெட்டிய ஆட்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு மேலே ஏறிவிட்டார்கள். அவர்கள் கண்ணுக்கு அது வேப்பிலை.

கன்னியப்பனின் மனைவி அஞ்சலை. அவளுடைய சின்னப் பையனுக்கு அம்மை போட்டு, பிழைப்பானா மாட்டானா என்று கிடந்து, அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தான். அந்த நேரத்தில் நிலத்துக்குள்ளிருந்து வேப்பிலை வந்தால் எந்தத் தாய்தான் சும்மா இருப்பாள்? கல்லைக் கிணற்று மேட்டில் நிறுத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டாள். மறுநாளே ஊர் திரண்டு வந்து பார்த்தது. செருப்பை அரை பர்லாங்கு தள்ளியே கழற்றினார்கள். கிணற்று வேலை நின்றது.

எனக்கு அந்தக் கல் என்னவென்று தெரியும். ஆசிரியப் பயிற்சியில் இருந்தபோது எங்களைப் பட்டணத்து மியூசியத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஒரு பெட்டியில் இதே மாதிரி இலைக்கல், அடியில் எங்கள் ஊர்ப் பெயர். மனிதர்களே தோன்றாத காலத்துச் செடி, சேற்றில் அமுங்கிக் கல்லாகிவிட்டது என்று சொன்னார்கள். ஆகவே சாயங்காலம் பள்ளி விட்டதும் காலில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு கிணற்று மேட்டுக்கு ஓடினேன். ஒரு வேப்பங்கொத்தை ஒடித்துக் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“இங்க பாருங்கம்மா. வேப்பிலைக்கு ஓரம் ரம்பம் மாதிரி பல்லு பல்லா இருக்கும். இதுல பல்லு இல்ல. இது வேற செடி.”

அஞ்சலை குனிந்து நிதானமாகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்: “கல்லுல வரசொல்ல பல்லு வெச்சிகினா வருவா டீச்சரம்மா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கன்னியப்பன்கூடச் சிரித்தார், பாவம், அவருடைய கிணறுதான் நின்று கிடந்தது. “அம்மா தங்கி கீற எடத்துல கடப்பாரைய போட்டா வூடு வெளங்குமா? என் புள்ளய திருப்பிக் குடுத்திருக்கா,” என்றாள் அஞ்சலை. முகம் சுண்டிப் போய்த் திரும்பினேன்.

எங்கள் தலைமை ஆசிரியரைப் ‘பெரிய சார்’ என்போம். பொடி போடுவார், அதிகம் பேச மாட்டார். நான் மறுநாள் அவர் முன்னால் கொட்டித் தீர்த்தேன். ஊரே இப்படி இருந்தால் நாம் எதற்குப் பாடம் நடத்துகிறோம், பிரார்த்தனைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு விளக்கிச் சொல்லி வீட்டுக்கு அனுப்புகிறேன், அவர்கள் போய்ச் சொல்லட்டும் என்றேன்.

“ராணி போய் அவங்க அம்மாகிட்ட சொல்லணும், உன் சாமி சாமி இல்லன்னு. அதானே?” என்றார். “சொன்னா, தண்ணி வருதோ இல்லையோ, அந்தப் பொண்ணைப் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்திடுவாங்க.”

எனக்கு மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. நான் அப்படி யோசிக்கவே இல்லை.

“மியூசியத்துக்குப் பசங்களை இட்டுக்கிட்டுப் போறீங்க இல்ல? பொம்பளைப் பசங்க வராங்க, துணைக்கு ஒரு அம்மா வேணும். அவங்களைக் கூப்பிடுங்க,” என்றார். பொடியை உதறிவிட்டு ஒன்று சேர்த்துக்கொண்டார். “அங்க போய் நீங்க பாடம் நடத்திடாதீங்க டீச்சர். அவங்க பாக்கட்டும்.”

வாயை மூடிக்கொண்டு இரு என்று என்னிடம் சொல்வது மாட்டைப் பார்த்துப் புல் மேயாதே என்று சொல்வதைப் போலத்தான். ஆனாலும் சரி என்றேன்.

அஞ்சலை உடனே ஒப்புக்கொண்டாள். பட்டணத்தை அவள் பார்த்ததில்லை. சின்னவனை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, இருந்ததில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, எங்களுக்கெல்லாம் முன்னால் வந்து சத்திரத்தில் நின்றிருந்தாள். பூந்தமல்லி வழியாகப் போகிற பஸ்ஸில் பிள்ளைகளைப் புளிமூட்டை மாதிரி அடைத்தோம். நம் ஜனங்கள் மிருகக்காட்சிசாலையை ‘உயிர் காலேஜ்’ என்பார்கள், மியூசியத்தை ‘செத்த காலேஜ்’ என்பார்கள். பிள்ளைகளுக்கு உயிர் காலேஜுக்குத்தான் ஆசை. செத்த காலேஜை ஒழுங்காகப் பார்த்தால்தான் அங்கே என்று மிரட்டி வைத்திருந்தேன்.

உள்ளே திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்ததும் அத்தனை வாயும் அடைத்துவிட்டது. ஒரு பையன் மட்டும், “இத்தக் கொழம்பு வெச்சா நம்ம ஊருக்கே ஆவும் டீச்சர்,” என்றான். அஞ்சலை எல்லாவற்றையும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தாள். நான் எதையும் சுட்டிக்காட்டவில்லை. காட்டாமல் இருப்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

கல் வைத்திருக்கும் கூடத்தில் விளக்கிச் சொல்ல ஓர் இளைஞர் வந்தார். கையில் சின்னப் பிரம்பு. இலைக்கல் இருந்த பெட்டியின் முன்னால் நின்றோம். எங்கள் கிணற்றில் வந்த அதே இலைதான், அச்சு அசல். ராணி கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு சீட்டிலிருந்த இங்கிலீஷ் எழுத்தைக் கூட்டினாள். கூட்டி முடித்துத் திரும்பி, “அம்மா, ஸ்ரீபெரும்புதூர்னு போட்டுகீது. இது நம்ம பக்கத்துது,” என்றாள்.

பிரம்புக்காரர் சும்மா இருந்திருக்கலாம். “ஆமா, அந்தப் பக்கம் நிறைய கிடைக்குது. ஆனா பாருங்க, கிராமத்துல இதைப் பார்த்துட்டு வேப்பிலைன்னு கும்பிட்டாலும் கும்பிடுவாங்க,” என்று சொல்லிச் சிரித்தார். பிள்ளைகள் ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லார் கண்ணும் அஞ்சலை மேல் போயிற்று. ராணி தலையைக் குனிந்துகொண்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பிரம்பைப் பிடுங்கியிருப்பேன். “சார், இந்த அம்மா நிலத்துலதான் இந்தக் கல் வந்திருக்கு. அவங்க ஏதாவது கேட்டா பதில் சொல்லுங்க. அதுக்குத்தான் வந்திருக்கோம்,” என்றேன். நல்ல பிள்ளைதான் அவர். முகம் சிவந்துபோய், பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “கேளுங்கம்மா,” என்றார்.

அஞ்சலை கேட்டாள். “இத்த எப்ப எடுத்தாங்கோ?”

“எங்க தாத்தா காலத்துக்கும் முன்னாடிம்மா.”

“இந்த எலை எத்தினி வருசத்துது?”

“கோடிக்கணக்கான வருஷம். அப்போ மனுஷங்களே கிடையாது.”

“மனுசங்களே இல்லியா?”

“இல்லம்மா. ஒருத்தர்கூட இல்ல.”

அவள் குனிந்து கண்ணாடிக்குள் இருந்த இலையை இன்னொரு தரம் பார்த்தாள். பிறகு அவரை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினாள். “இத்த எடுத்த எடத்துல அப்பறம் நோண்டினாங்களா? தண்ணி வந்துதா டீச்சரம்மா?”

அந்தக் கேள்விதான்.

நிமிஷத்தில் எனக்குள் என்னென்னவோ ஓடியது. ‘வந்தது’ என்று ஒரு வார்த்தை போதும். ஊருக்குத் திரும்பியதும் கடப்பாரை இறங்கும், பெஞ்சில் ராணி இருப்பாள். யாருக்கு என்ன நஷ்டம்? அந்த இளைஞரும் என் முகத்தைப் பார்த்து விஷயத்தை ஊகித்துவிட்டார். தலையை ஆட்ட அவர் தயாராக இருந்தார், நான் கண் காட்டினால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் ராணியும் மற்ற பிள்ளைகளும் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது நிஜம் என்று சொல்லித்தானே அவர்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்? அதன் முன்னால் நின்றுகொண்டு ஒரு பொய்யைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“தெரியலம்மா,” என்றேன். “தண்ணி வந்துதா இல்லையான்னு எனக்குத் தெரியாது.”

அவள் தலையை மட்டும் அசைத்தாள். அதற்கப்புறம் உயிர் காலேஜில் புலியைப் பார்த்தபோதும் பேசவில்லை, திரும்பி வருகிற பஸ்ஸிலும் பேசவில்லை. சத்திரத்தில் இறங்கி, பெண் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாமல் நடந்துவிட்டாள். போச்சு, ஒரு நல்ல வாய்ப்பைக் கெடுத்துவிட்டாய் என்று என்னையே திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். பெரிய சாரிடம் சொன்னபோது, “சரி,” என்றார். அந்தச் சரிக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அந்த வாரக் கடைசியில், வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது வாசலில் நிழல் தட்டியது. அஞ்சலை. தலையில் சும்மாடு, அதன் மேல் அந்தக் கல், மஞ்சளும் குங்குமமும் அப்படியே. பின்னால் கன்னியப்பன், பிடித்து இறக்க.

“இத்த நம்ம கடையில வெச்சிக்கிங்க டீச்சரம்மா,” என்றாள். “அங்க கண்ணாடி போட்டு மரியாதையா வெச்சிகீறாங்க. நீங்களும் பசங்க கால் படாம வெக்கணும்.”

பலகையைத் துடைத்து, குருவிக்கூட்டை நகர்த்தி இடம் செய்தேன். “அப்ப கிணறு?” என்று மெல்லக் கேட்டேன்.

“நாளைக்கு எறங்கறாங்க.” என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். “என்ன எதுக்கு இட்டுகினு போனீங்கன்னு எனக்குத் தெரியாதா? அங்க தண்ணி வந்துதுன்னு சொல்லியிருந்தீங்கன்னா, இந்தம்மாவும் நம்மள ஏமாத்துதுன்னு நெனச்சிகினு வந்திருப்பேன். தெரியலன்னீங்க. சரி, அந்தப் புள்ளாண்டான் சொன்னதும் நெசமாத்தான் இருக்கும்னு தோணிச்சி. மனுசங்களே இல்லாத காலத்துல அவ யாருக்கு வந்து அம்ம போடப் போறா? அப்ப அவளுக்கு அந்த எடத்துல இன்னா வேல?”

இதை நான் எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் படிக்கவில்லை. கன்னியப்பன் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம்தான் எனக்கு நிஜமான பயம் வந்தது. வெட்டுகிறார்கள், வெட்டுகிறார்கள், வெள்ளைக் கல்தான் வருகிறது. தண்ணீர் வராவிட்டால்? சாமியை எடுத்துக் கொடுத்ததால்தான் வரவில்லை என்று ஊர் சொல்லும், அஞ்சலையே நினைப்பாள், சொன்னவர்களை நான் எப்படிக் குறை சொல்ல முடியும்? பொங்கல் வந்தது, போனது. சூளை மேஸ்திரி ஊருக்குள் வந்து ஆள் பேசிவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஒவ்வொரு நாளும் வகுப்புக்குள் நுழையும்போது முதலில் ராணியின் இடத்தைத்தான் பார்ப்பேன். அவள் உட்கார்ந்திருந்தால் அன்றைக்குப் பாடம் நன்றாக நடக்கும்.

ஒரு நாள் அவள் இடம் காலி. கரும்பலகையில் எதையோ எழுதிக்கொண்டிருந்தேன், என்ன எழுதினேன் என்று நினைவில்லை. வெளியே சத்தம் கேட்டுத் திரும்பினால், ராணி பாவாடையெல்லாம் வெள்ளைச் சேறாக ஓடி வருகிறாள். அவளுக்குப் பின்னால் அஞ்சலை, இடுப்பில் குடம்.

“ஊத்துக் கண்ணு தொறந்துட்சி டீச்சர்,” என்றாள் ராணி. அவளுக்கு மூச்சு வாங்கியது. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் முன்னால் அழக் கூடாது என்று சுற்றறிக்கையில் இல்லை, அதனால் அழுதேன்.

அஞ்சலை குடத்தை இறக்கினாள். மோர் மாதிரி கலங்கிய தண்ணீர், அதில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலை போட்டிருந்தாள். கல்லை வெளியே கொண்டுவரச் சொன்னாள். அம்மை இறங்கிய உடம்புக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி அம்மனை அனுப்பிவைப்பார்கள் இல்லையா, அது மாதிரி இந்தக் கல்லுக்கும் ஊற்ற வேண்டும், அதுவும் அதே கிணற்றுத் தண்ணீரில் என்றாள். பையன்கள் தூக்கி வந்து வேப்பமரத்தடியில் வைத்தார்கள். செம்பில் மொண்டுகொண்டு என்னைப் பார்த்தாள்.

“ஊத்தலாமா? கல்லுக்கு ஒண்ணும் ஆவாதே?”

எங்கள் பக்கத்து வெள்ளைக் கல்லுக்குத் தண்ணீர் ஆகாது. இதற்கு முன்னால் சின்னத் துண்டு ஒன்றை ஈரத்துணியால் துடைத்து, கூழாக்கி, கைகழுவியவள் நான். அந்த இலைக்கல்தான் என் கடையிலேயே உசத்தியான சரக்கு. மியூசியத்தில் இருப்பதைவிட முழுசான இலை. வேண்டாம் என்று சொன்னால் அவள் கேட்டிருப்பாள். ஒன்றும் ஆகாது என்று சொன்னாலும் நம்பியிருப்பாள். என்னுடைய வார்த்தைக்கு அவளிடம் அவ்வளவு மதிப்பு வந்திருந்தது, அதுதான் கஷ்டம்.

“கரையும்மா,” என்றேன். “இலை போய்டும்.”

அஞ்சலை கையில் செம்போடு கல்லைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்: “போவட்டும் டீச்சரம்மா. போறதுக்குத்தான தண்ணி ஊத்தறது.”

நான் கல்லை என் கையாலேயே சாய்த்துப் பிடித்துக்கொண்டேன். “ஊத்துங்க,” என்றேன்.

மஞ்சள் போயிற்று, குங்குமம் போயிற்று, மேல் பாதி இலையும் வெள்ளைச் சேறாக என் விரலிடுக்கில் வழிந்து போயிற்று. மீதிப் பாதியைக் காயவைத்து, ஓய்வுபெறும் வரை அதை வைத்துத்தான் பாடம் நடத்தினேன். அந்த வருஷம் சூளைக்குப் போன வண்டியில் ராணி ஏறவில்லை.